மே நான்கும் ஒரு சிலேடையும்

ஆண்டுதோறும் மே 4ஆம் நாளை, 1977இல் வெளியான 'ஸ்டார் வோர்ஸ்' படத்தையும் அதன் தொடர்ச்சிகளையும் போற்றும் இரசிகர்கள் தம் திருநாளாகக் கொண்டாடுகின்றனர். எந்த அரசும் அறிவித்த விடுமுறையல்ல இது. படத்தின் வீரர்கள் ஒருவரையொருவர் வாழ்த்தும் ஆங்கிலத் தொடரில் வரும் 'போர்ஸ்' என்ற சொல், நான்காம் நாளைக் குறிக்கும் 'போர்த்' என்ற சொல்லோடு ஒலியில் ஒத்திருக்கிறது. அச்சிலேடையே இந்நாளின் தோற்றுவாய். தமிழாக்கினால் அது மறைந்துவிடும். ஆயினும் கல்முனையில் எம்மிடம் கற்கும் மாணவர் சிலர்கூட அன்று கைத்தொலைபேசியில் இவ்வாழ்த்தை அனுப்பி மகிழ்கின்றனர். மகிழட்டும், இரசனை குற்றமாகாது. ஆனால் எதனை இரசிக்கிறோம் என்ற வினா எழவேண்டுமன்றோ?

பேரரசொன்றின் கொடுங்கோன்மையை எதிர்த்துச் சிறு கூட்டமொன்று நடத்தும் கிளர்ச்சியே படத்தின் கரு. வியட்நாம் யுத்தத்தை மனத்திற்கொண்டே இதனை அமைத்ததாக இயக்குநர் ஜோர்ஜ் லூக்காஸ் பிற்காலத்திற் கூறியுள்ளார். அத்தகைய படத்திற் பிறந்த சிலேடை யாருக்குப் பயன்பட்டது? 1979 மே 4இல் மார்கரெட் தாட்சர் பிரித்தானியப் பிரதமரானபோது, அவருடைய கட்சியினர் இலண்டன் பத்திரிகையொன்றில் இதே சிலேடையால் அவரை வாழ்த்தி விளம்பரம் செய்தனர். 1984-85இல் சுரங்கத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தை முறியடித்தவர் இதே தாட்சர்தான். கிளர்ச்சிக்காரரின் வாழ்த்து ஆள்வோரின் வாயில் எவ்வளவு எளிதாகப் புகுந்துவிட்டது!

2012இல் டிஸ்னி கொம்பனி, லூக்காஸின் நிறுவனத்தை ஏறத்தாழ 405 கோடி டொலருக்கு வாங்கியது. இரசிகர்கள் தாமாகக் கொண்டாடிய நாள் அதன்பின் விற்பனை நாளுமாயிற்று. விளையாட்டுப் பொருள், சட்டை, கழிவு விலை என விளம்பரங்கள் மே மாதம் பிறக்கும் முன்னரே வந்துவிடுகின்றன.

மே 4க்கு வேறொரு வரலாறும் உண்டு. எட்டு மணிநேர வேலை கேட்டுப் போராடிய தொழிலாளர் மீது 1886 மே 3இல் சிக்காகோப் பொலிசார் சுட்டனர். மறுநாள் மாலை ஹேமார்க்கெட் சதுக்கத்திற் கண்டனக் கூட்டம் நடந்தது. அங்கு யாரோ குண்டெறிந்தனர். எறிந்தவர் யாரென்று நிறுவப்படாமலே தொழிலாளர் தலைவர் நால்வர் 1887 நவம்பர் 11இல் தூக்கிலிடப்பட்டனர். 1956 முதல் எம் நாட்டில் அரசு விடுமுறையாகவுள்ள மே தினத்தின் வேர் அந்நிகழ்ச்சிகளிலேயே உள்ளது. விடுமுறையை அறிந்த எம் மாணவருட் பலர் இதனை அறியார். அது அவர்களின் குறையன்று. பாடநூலைத் தாண்டாத எம்போன்ற ஆசிரியரின் குறை.

ஒன்றை ஒப்புக்கொள்ளல் நியாயம். அதே டிஸ்னி 2022இல் வெளியிட்ட 'அன்டோர்' தொடரில், பன்னிரண்டு மணிநேர முறைகளாகக் கூலியின்றி உழைக்கும் கைதிகள், எவருக்கும் விடுதலையில்லை என்றறிந்து, ஒன்றுகூடிச் சிறையை உடைக்கின்றனர். தனியொரு மாவீரனின் அற்புத ஆற்றல் அங்கில்லை. வாழ்த்து அனுப்பும் மாணவர்களை அப்பகுதியைப் பார்க்கச் சொல்லியிருக்கிறோம். ஹேமார்க்கெட் பற்றிய பாடம் அதற்கடுத்த வகுப்பில்.