பௌர் துரையின் கண்ணும் தோமித்தாவின் கையும்

சுவிட்சர்லாந்துக்குப் போய்வரும் நம்மவரில் கலாரசனை உடையோர், ஜூரிச் நகரத்து ரீட்பெர்க் காட்சிசாலைக்குச் சென்று அங்கே சோழர் காலத்து நடராஜ மூர்த்தியைத் தரிசித்துவிட்டு, கடமை முடிந்ததென்ற திருப்தியோடு திரும்புவது சம்பிரதாயமாகிவிட்டது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பான் டெர் ஹைட் என்ற தனவந்தர் உலகெங்கும் திரட்டியவற்றை நகரத்துக்கு அளிக்க, 1952-இல் யோஹன்னஸ் இட்டன் என்ற ஓவிய ஆசிரியரின் பொறுப்பில் திறக்கப்பட்ட அந்த மாளிகை விஸ்தாரமானது, கம்பீரமானது. ஆனால் அதே தேசத்தில், ஜெனீவாவின் மூனியே ரொமியி தெருவில், எட்டாம் இலக்க வீட்டில் இருக்கும் பௌர் சேகரத்தின் பெயரைச் சொன்னால் இவர்களில் பெரும்பாலோர் விழிக்கிறார்கள். கொழும்பு வாசிகள் மட்டும், “அந்த உரக் கம்பெனியா?” என்று கேட்பார்கள். கேட்பதில் தவறில்லை, அதே பௌர்தான்.

1865-இல் ஜூரிச் மாகாணத்து அண்டெல்பிங்கன் என்னும் ஊரில் பிறந்த ஆல்பிரெட் பௌர், இருபது வயது நிறைவதற்குள் 1884-இல் இலங்கைக்கு வந்தவர். 1897-இல் உர வியாபாரத்தைத் தொடங்கித் தேயிலைக்கும் தென்னைக்கும் போஷாக்குத் தந்து பெருஞ்செல்வம் ஈட்டியவர். 1906-இல் மனைவி யூஜெனியோடு சுவிட்சர்லாந்துக்குத் திரும்பி ஜெனீவாவில் குடியேறியவர். மலைச்சரிவுகளில் தேயிலைச் செடிகளுக்கு உரமிட்டவர்களும் கொழுந்து பறித்தவர்களும் யாரென்று தமிழ் வாசகர்களுக்கு நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. அந்தச் செல்வத்தின் ஒரு பகுதிதான் சீனத்து யுங்ஜெங் சக்கரவர்த்தி காலத்துக் கிண்ணங்களாகக் கண்ணாடிப் பேழைகளுக்குள் இருக்கிறதென்ற நினைவு, அவற்றின்முன் நிற்கும்போதெல்லாம் எனக்கு வராமல் இருப்பதில்லை. அந்த நினைவினால் கிண்ணத்தின் அழகு குறைந்துவிடவும் இல்லை, கிண்ணத்தின் அழகினால் அந்த நினைவு மறைந்துவிடவும் இல்லை.

பௌர் முதலில் ஜப்பானியப் பொருள்களின்மீதே மோகம் கொண்டார். வாட்பிடிக் காப்புகள், நெட்ஸுகே என்னும் கச்சைப் பொத்தான்கள், இன்ரோ என்னும் சிறு செப்புகள், அரக்கு வேலைப்பாடுகள் என்று கைக்கடக்கமான சிறுபொருள்களை, தாவர ஆராய்ச்சியும் தேனீ வளர்ப்பும் அறிந்த தாமஸ் பேட்ஸ் புளோ என்ற ஆங்கிலேயரின் மூலமாகச் சேர்த்தார். அவை நல்ல பொருள்கள்தாம். வாட்காப்புகளுக்காகவே உயிரை விடும் அன்பர்கள் என்னைச் சபிக்க வேண்டாம். ஆயினும், உலகப் பிரயாணமாகப் புறப்பட்ட தம்பதிகள் 1924-இல் ஜப்பானில் தோமித்தா குமசக்கு என்ற கியோத்தோ வணிகரைச் சந்தித்திராவிட்டால், இன்று நாம் பேசிக்கொண்டிருப்பது வசதி படைத்த ஒரு கனவானின் பொழுதுபோக்கைப் பற்றியதாகவே இருந்திருக்கும் என்பது என் துணிபு.

தோமித்தாவைப் பற்றி எழுதப் புகுந்தால் எனக்கு நிறுத்தத் தெரிவதில்லை. கலைப்பொருள் வணிகம் செய்த யமனக்கா நிறுவனத்தின் லண்டன் கிளையில் நெடுங்காலம் இருந்து, ஐரோப்பியரின் ஆசைகளையும் அசட்டுத்தனங்களையும் ஒருங்கே கற்றறிந்து, பின்பு தம் ஊரில் அமர்ந்துகொண்டு, ஜெனீவாவில் இருக்கும் ஒருவருக்குச் சீனத்துப் பீங்கான்களைத் தேடித் தேடி அனுப்பிய இம்மனிதரை வியாபாரி என்று சொல்லி விட்டுவிடுவது அநியாயம். பொருளைக் கையிலெடுத்துப் பார்க்கவும் இயலாத தூரத்தில் இருந்த பௌர், பெரும்பாலும் கடிதப் போக்குவரத்தின் பேரிலேயே, அவருடைய கண்ணைத் தம் கண்ணாக நம்பினார். இத்தகைய நம்பிக்கைக்குப் பாத்திரமான விற்பனையாளரும், அதை வைக்கத் துணிந்த வாங்குபவரும் ஒரே காலத்தில் வாழ்ந்து ஒருவரையொருவர் கண்டுகொள்வது அபூர்வம். இச்சேகரத்தின் ஸ்தாபகர் யார் என்று கேட்டால், சட்டப்படி பௌர் என்றும், நியாயப்படி இருவர் என்றும் சொல்வேன்.

இவ்விருவர் ரசனையின் உச்சம் எதுவென்று கேட்டால், என் விரல் உடனே நீளுவது எலுமிச்சை மஞ்சள் வண்ணத்துச் சிறு கிண்ணங்களை நோக்கித்தான். சீன அரண்மனைக்கு மஞ்சள் புதிதன்று. இரும்பைக் கொண்டு செய்த பழைய மஞ்சள், முட்டைக்கருவின் கனமும் மினுமினுப்பும் கொண்டு, அதிகார தோரணையோடு நிற்பது. யுங்ஜெங் காலத்தில், அதாவது 1723 முதல் 1735 வரையிலான அச்சிறு ஆட்சியில், ஐரோப்பிய எனாமல் வித்தையின் தொடர்பால் அந்திமனி சேர்த்த மஞ்சள் ஒன்று வந்து சேர்ந்தது. முதலில் பீங்கானை உயர்ந்த சூட்டில் சுட்டு வெண்மையாக்கி, அதன்மேல் இந்த வண்ணத்தைப் பூசி, சிறிய சூளையில் குறைந்த சூட்டில் மறுபடியும் சுடவேண்டும்; பூச்சு எங்கேனும் சற்றுத் தடித்தாலும் மெலிந்தாலும், ஓவியமோ செதுக்கலோ இல்லாத அந்தப் பரப்பில் குற்றம் ஒளிந்துகொள்ள இடமேயில்லை. விளிம்பிலே மஞ்சள் முடிந்து உள்வெண்மை தொடங்கும் அந்தக் கோட்டைப் பாருங்கள். அதை இட்ட கை நடுங்கவில்லை. 1728-இல் அரண்மனைக்குப் பீங்கான் செய்த ஜிங்டேஜென் சூளைகளுக்கு மேற்பார்வையாளராக வந்து, 1735-இல் அங்கே செய்யப்பட்ட ஐம்பத்தேழு வகைகளைப் பட்டியலிட்டு எழுதி வைத்த தாங் யிங்கின் காலத்துக் கைத்திறன் அது. நான் அப்பேழையின்முன் செலவிடும் நேரத்தில் மற்றவர்கள் ஒரு தளத்தையே பார்த்து முடித்து விடுகிறார்கள்.

பல நூற்றாண்டு முந்திய சோங் வம்ச காலத்துப் பாண்டங்களின் பக்தர்கள் இதைக் கேட்டு உதட்டைப் பிதுக்குவார்கள் என்பதை அறிவேன். யுங்ஜெங்கின் சிங் வம்சத்துப் பீங்கான் பிழையற்றது, ஆதலால் உயிரற்றது என்பது அவர்களுடைய பழைய வாதம். அவர்களுக்கு லண்டன் சேகரிப்பாளர் சர் பெர்சிவல் டேவிட்தான் குலதெய்வம். அவர் சேர்த்த, சோங் காலத்து ரூ வகைப் பாண்டங்களின் நீலப்பசுமை ஒப்பற்றது என்பதை நானும் மறுக்கவில்லை. யாழ்ப்பாணத்து அல்லைப்பிட்டியில் 1977-இல் மண்ணிலிருந்து எடுக்கப்பட்ட சோங் காலத்துச் சீனப் பாண்டச் சிதறல்களைப் பற்றிப் படித்தவர்களுக்கு, அந்த யுகத்தின் மண்மீது நம் கடற்கரைக்கு உரிய பாசமும் சேர்ந்துகொள்ளும். ஆனால் குறையில் மட்டுமே ஜீவன் இருக்கிறதென்பது சோம்பேறிகளுக்கு அனுகூலமான தத்துவம். நூறு கிண்ணங்கள் சூளையில் கெட்டுப்போனாலும் ஒன்று கெடாமல் வரட்டும் என்று காத்திருந்த பொறுமை உயிரில்லாத பொருளைத் தருமா? ஜப்பானியத் தேநீர்ச் சடங்கு மரபினர் கோணலையும் விரிசலையும் கொண்டாடுவதும் அழகுதான். பௌர் தம் சேகரத்தில் பழுதின்மையையே நாடினார். நான் அவர் பக்கம்தான்.

டேவிட் சேகரத்தின் பிற்கதையை நினைத்தால், பௌர் எவ்வளவு தீர்க்கதரிசி என்பது விளங்கும். லண்டன் கார்டன் சதுக்கத்தில் 1952-இல் திறக்கப்பட்ட அச்சேகரத்தின் வீடு 2007-இல் மூடப்பட, பொருள்கள் பிரிட்டிஷ் காட்சிசாலையின் ஓர் அறைக்குப் போய்ச் சேர்ந்தன. பத்திரமாக இருக்கின்றன, கூட்டமும் அதிகம் பார்க்கிறது. ஆயினும் சொந்த வீட்டில் இருந்த அந்நியோன்னியம் போயிற்று. பௌர் தாம் மறையும் தறுவாயில், 1951-இல், சேகரத்துக்கென்றே ஒரு நகர வீட்டை வாங்கிவைத்தார். 1964-இல் அது பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டபோது பார்க்க அவர் இல்லை. ஆனால் இன்றும் அங்கே நாம் நுழைவது ஒரு வீட்டுக்குள்ளேயே.

ஸ்தாபகர் போனபின் வீட்டைக் கெடுக்காமல் காப்பது, சேகரிப்பதைவிடக் கடினமான கலை. முதல் காப்பாட்சியராக அமைந்த பியேர் ஷ்னீபெர்கர் அக்கலையை அறிந்தவர். சீன மட்பாண்டங்களுக்கு லண்டனிலிருந்து ஜான் ஏயர்ஸ் என்ற அறிஞரை அழைத்து எழுதச் செய்ய, 1968 முதல் 1974 வரை நான்கு பெரும் பட்டியல் நூல்கள் வெளிவந்தன. ஜேட் என்னும் பச்சைக்கற்களைப் பற்றி 1976-இல் ஷ்னீபெர்கர் தாமே எழுதினார். வாட்காப்புகளைப் பற்றி 1980-இல் ராபின்சன் என்ற அறிஞர் எழுதினார். ஒவ்வொரு பொருளுக்கும் அளவு, வயது, முத்திரை என்று நிதானமாகப் பதிவு செய்த அந்நூல்களைப் புரட்டினால், காட்சிசாலை இயக்குநர் பதவி என்பது என்ன வேலை என்று புரியும். இன்று பல தேசங்களில் அப்பதவிக்கு ஆள் தேடுகிறவர்கள் நன்கொடை திரட்டும் வல்லமையை முதலில் கேட்கிறார்கள், பிறகு பேச்சுத்திறனைக் கேட்கிறார்கள். பாண்டத்தைத் திருப்பி அடிப்பகுதியைப் பார்க்கத் தெரியுமா என்று எவரும் கேட்பதாகக் காணோம். விளக்குகள் நிறம் மாறுகின்றன, சங்கீதம் ஒலிக்கிறது, பொருளைவிடப் பெரிய விளக்கப்பலகை சுவரை அடைத்துக்கொள்கிறது. பெயர் சொல்ல விரும்பாத ஒரு காட்சிசாலையில், சிவப்பு மெருகிட்ட ஜாடி ஒன்றுக்கு ஊதா விளக்குப் போட்டிருந்ததைக் கண்டு, அது என்ன நிறமென்றே தெரியாமல் வெளியேறினேன்.

ஜெனீவா வீடு பிற்பகலில்தான் திறக்கிறது என்று குறைப்படுகிறவர்கள் உண்டு. திறக்கும் வரை அவர்கள் ஏரிக்கரையைச் சுற்றி வரட்டும். உள்ளே போனதும் சீனத்துப் பகுதியிலேயே தொடங்கட்டும். மேலே ஜப்பானிய அரக்குப் பெட்டிகளின் தங்கத்தூளைப் பார்த்துவிட்ட கண்ணுக்கு எலுமிச்சை மஞ்சள் சோகையாகத் தோன்றும், அந்தப் பழியைத் தோமித்தாவின்மேல் போடக்கூடாது.