மதிலும் மக்களும்

கலை யாருக்காக என்பது பழைய வினா. பொது மதில்களில் ஓவியந் தீட்ட மானியம் வழங்குவோர், உல்லாசப் பயணிகளின் வருகையை அதற்கு நியாயமாகக் காட்டும்பொழுது அவ்வினா மீண்டும் எழுகின்றது. வந்து போகின்றவர் கண்ணுக்கு ஊரை அழகாக்கும் ஓவியம், அங்கே வாழ்கின்றவருக்கு என்ன செய்கின்றது?

மலேசியாவின் பினாங்கை நோக்குவோம். அதன் தலைநகரான ஜோர்ஜ் டவுண் 2008இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. 2012இல் அந்நகரின் கலைவிழாவுக்காக லித்துவேனிய ஓவியர் ஏர்னஸ்ட் சக்கரெவிச் தெருச் சுவர்களில் ஓவியங்கள் தீட்டினார். சுவரோடு பொருத்திய உண்மையான சைக்கிளில் இரு பிள்ளைகள் செல்லும் ஓவியம் அவற்றுட் புகழ்பெற்றது. பிள்ளைகளின் களிப்பை அத்துணை உயிர்ப்போடு பிடித்த கையின் திறமையை நாம் மறுக்கவில்லை. அதன்முன் நின்று படம் பிடிக்கப் பயணிகள் வரிசையில் நிற்கின்றனர். ஆயின், அந்நகரின் பழைய வீடுகளுக்கு இருந்த வாடகைக் கட்டுப்பாடு 2000ஆம் ஆண்டிலே நீங்கிவிட்டது. வாடகை ஏறவே, பல குடும்பங்களும் சிறு தொழிலாளரும் வெளியேறினர். ஓவியம் அவர்களைத் துரத்தவில்லை என்பது உண்மையே. ஆனால், அவர்கள் போனதை அது சொல்லவுமில்லை.

மானியமே தீது என்பதன்று நமது கட்சி. 1935 முதல் 1943 வரை அமெரிக்க அரசு தொழிலற்ற ஓவியர்களுக்குக் கூலி கொடுத்துப் பொதுக் கட்டடங்களில் ஓவியந் தீட்டுவித்தது. பணம் தருபவனே ஓவியத்தின் பொருளையும் தீர்மானிக்க முற்படும்பொழுது நேர்வது வேறு. 1933இல் நியூயோர்க்கின் ரொக்கபெல்லர் மாளிகையில் டியகோ ரிவேரா தீட்டிய சுவரோவியத்தில் லெனினின் முகம் இருந்தது. அதனை நீக்க அவர் மறுத்தார். பேசிய கூலி கொடுக்கப்பட்டது. ஓவியம் மூடப்பட்டு, 1934இல் உடைத்தெறியப்பட்டது.

அதே 1933இல் நமது வெள்ளவத்தை நூல் நெசவாலைத் தொழிலாளர் கொல்வின் ஆர். டி சில்வாவின் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தனர். உல்லாசப் பயணிகளுக்கென வழங்கப்படும் மானியத்தில் அப்போராட்டம் வெள்ளவத்தை மதிலொன்றில் தீட்டப்படுமா? 1983 ஜூலையில் எரிந்த வீடுகளும் கடைகளும் இடம்பெறுமா? கொட்டாஞ்சேனை மதிலில் துறைமுகத் தொழிலாளியின் முகம் தோன்றுமா? யானையும் மயிலும் தென்னஞ்சோலையுமே தோன்றும் என அஞ்சுகின்றோம்.

வேறு வழி உண்டு என்பதற்குக் கொம்பனித்தெருவே சான்று. மலாயரும் முஸ்லிம்களும் தமிழரும் சிங்களவரும் கலந்து வாழும் அப்பகுதியில் 2010இல் மியூஸ் வீதி வீடுகள் இடிக்கப்பட்டன. பின்னர் மாடிக் கட்டடங்களுக்காக மேலும் பல குடும்பங்கள் இடம்பெயர்க்கப்பட்டன. அவ்விடத்தவரான ஓவியர் ஃபிரி ரஹ்மான், தோழர்களுடன் சேர்ந்து, ‘நாங்கள் இவ்விடத்தவர்’ எனப் பொருள்படும் ஆங்கிலப் பெயரில் ஒரு கலை முயற்சியைத் தொடங்கினார். சாதாரண அயலவரின் முகங்களும் கதைகளுமே அதன் பொருள். பயணி வந்தால் அவனும் பார்க்கலாம்; ஆனால் அவ்வோவியம் முதலிற் பேசுவது அத்தெருவாரோடு.

ஆகவே, மதிலோவியத்துக்கு மானியம் வழங்குவோரிடம் நாம் கேட்பது இதுதான்: எதைத் தீட்டுவது என்பதைத் தெருவார் தீர்மானிக்கட்டும். அதற்கான கூலி அவ்வூர்த் தொழிலாளருக்கும் சேரட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, மதிலுக்கு வர்ணம் பூசுமுன், அதன் பின்னே குடியிருப்போர் அங்கேயே குடியிருப்பர் என்னும் உறுதி எழுத்தில் தரப்படட்டும்.