மைக் ராய்க்கோவும் நகரப் பத்தியும்

அமெரிக்க நாளிதழ்களில் நகரப் பத்தி என்று ஒரு வகை கொடிகட்டிப் பறந்தது. அது செய்தியும் அல்ல, தலையங்கமும் அல்ல. ஒரே ஆள், பக்கத்தில் ஒரே இடத்தில், வாரத்தில் நாலைந்து நாள் தன் ஊரைப் பற்றி எழுதிக்கொண்டே இருப்பார். பேப்பரைப் பிரித்ததும் பலர் முதலில் தேடுவது அந்த மூலையைத்தான். இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் இதில் பேர் போனவர்களில் மூவரை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: சான் பிரான்சிஸ்கோவின் ஹெர்ப் கேன், நியூயார்க்கின் ஜிம்மி பிரெஸ்லின், சிகாகோவின் மைக் ராய்க்கோ.

கேன் 1938இல் ‘கிரானிக்கிள்’ நாளிதழில் தொடங்கினார். நடுவில் சில ஆண்டுகள் போட்டிப் பத்திரிகைக்குப் போய்வந்தது தவிர, 1997இல் இறக்கும்வரை அங்கேதான். மூன்று மூன்று புள்ளிகளால் கோத்த துணுக்குகள் அவர் பாணி. ‘பீட்னிக்’ என்ற சொல்லைப் புழக்கத்தில் விட்டவர் அவரே. படிக்கச் சுகமானவை; ஊரை விட்டு வெளியே கொண்டுபோனால் பாதி விளங்காது. பிரெஸ்லின் கதைசொல்லி. 1963இல் அதிபர் கென்னடியின் அடக்கத்துக்கு நிருபர்கள் எல்லாம் தலைவர்களைத் துரத்த, இவர் ஆர்லிங்டன் கல்லறையில் குழி வெட்டிய தொழிலாளியிடம் போனார். அவருக்கு மணிக்கூலி 3.01 டாலர். அந்தக் கட்டுரையைப் பார்த்து எழுதிச் சலித்த கட்டுரைகளுக்குக் கணக்கில்லை. அந்தப் பழி பிரெஸ்லினைச் சேராது.

ராய்க்கோவிடம் கேனின் சுகமும் பிரெஸ்லினின் கதைசொல்லலும் இருந்தன. கூடவே மற்ற இருவரிடமும் அந்த அளவுக்கு இல்லாத ஒன்றும் இருந்தது: நகர நிர்வாகம் எப்படி நடக்கிறது என்ற அடிமட்ட அறிவு. 1932இல் பிறந்தவர். பெற்றோர் மதுக்கடை நடத்தினார்கள். குடியிருந்தது அதன் மாடியில். வார்டு அரசியல் அவருக்குப் புத்தகப் பாடமாக வரவில்லை, கீழே கடையில் உட்கார்ந்து பேசியவர்கள் வழியாக வந்தது. விமானப் படையில் இருந்தபோது பத்திரிகை அனுபவம் உண்டு என்று பொய் சொல்லி முகாம் இதழில் நுழைந்தார். 1959இல் ‘சிகாகோ டெய்லி நியூஸ்’. சில ஆண்டுகளில் வாரம் ஐந்து பத்தி. மொத்தம் ஏழாயிரத்துக்கும் மேல் எழுதினார்.

அவருடைய பெரிய இரை மேயர் ரிச்சர்ட் டேலி. 1955 முதல் 1976இல் இறக்கும்வரை மேயர். குக் கவுண்டி டெமாக்ரடிக் கட்சியின் தலைவரும் அவரே. நகராட்சி வேலை வேண்டுமென்றால் கட்சிக்காரரின் சிபாரிசு வேண்டியிருந்தது. வேலை நிலைக்க வேண்டுமென்றால் தன் பகுதியில் ஓட்டுச் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருந்தது. 1971இல் வந்த ராய்க்கோவின் ‘பாஸ்’ இந்தக் கொடுக்கல் வாங்கலைச் சின்னப் புத்தகத்துக்குள் திருகாணி திருகாணியாகக் கழற்றிக் காட்டுகிறது. டேலியின் மனைவி ஒரு கடையில் அதை விற்பனையிலிருந்து எடுக்கச் செய்தார். விஷயம் வெளியே வந்ததும் புத்தகத்துக்கு விளம்பரம்தான் கூடியது. அடுத்த ஆண்டு பத்திக்காக ராய்க்கோவுக்குப் புலிட்சர் பரிசு. நகரத்தின் லத்தீன் முத்திரை வாசகத்தை எடுத்துவிட்டு, ‘என் பங்கு எங்கே?’ என்று பொருள்படும் லத்தீனைப் போடலாம் என்று யோசனை சொன்னவரும் அவர்தான்.

இருந்தாலும் அவருடைய உச்சம் கேலியில் இல்லை என்பது என் கட்சி. 1972இல் கறுப்பினப் பேஸ்பால் வீரர் ஜாக்கி ராபின்சன் இறந்தபோது, 1947இல் சிகாகோவின் ரிக்லி மைதானத்தில் அவர் ஆடியதைப் பார்த்த நாளை எழுதினார். கோயிலுக்குப் போவதுபோல் உடுத்தி வந்திருந்த கறுப்பின மக்கள். ராபின்சன் அடித்துச் சிறுவன் ராய்க்கோ கையில் கிடைத்த பந்து. அதைப் பத்து டாலர் கொடுத்து வாங்கிக்கொண்ட கறுப்பின மனிதர். இனவெறி பற்றிப் பிரசங்கமே கிடையாது. 1979இல் மனைவி இறந்த பிறகு, ஏரிக்கரை வீடு ஒன்றை நேசித்த தம்பதியைப் பற்றி யாரோ எவரோ என்பதுபோல் எழுதினார். வாசகர்களுக்கு யாரென்று தெரியும். பல வருஷம் தினமும் பேசிப் பழகிய குரலுக்குத்தான் அந்த மறைப்பு சாத்தியம்.

‘டெய்லி நியூஸ்’ 1978இல் மூடப்பட்டது. ‘சன்-டைம்ஸ்’ போனார். 1984இல் அதைப் பத்திரிகை அதிபர் ரூபர்ட் மர்டாக் வாங்கியதும், அந்த ஆளின் பேப்பரில் பொதிந்தால் மானமுள்ள மீன்கூட ஒத்துக்கொள்ளாது என்று ஏசிவிட்டு, காலமெல்லாம் தான் கிண்டலடித்த ‘டிரிப்யூன்’ படியேறினார். இப்போது பத்தி நூற்றுக்கணக்கான ஊர்களில் வெளியானது. அவர் குடியிருப்போ நகரத்தை விட்டு வசதியான புறநகருக்கு மாறியது. 1996இல் மெக்சிகோவை மட்டம் தட்டுவதுபோல் ஒரு பத்தி எழுதினார். வெறுப்பு அரசியலைப் பகடி செய்ததாக அவர் தரப்பு சொன்னது. சிகாகோவிலேயே வாழ்ந்த மெக்சிகோ வம்சாவளியினர் ‘டிரிப்யூன்’ கட்டடத்தின் முன் திரண்டு எதிர்த்தார்கள். வாசகர்கள் கூர்மை குறைந்துவிட்டார்கள் என்று அவருடைய ரசிகர்கள் வாதாடினார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. புதிதாக வந்தவர்களின் தெருக்களை அவர் தன் பழைய தெருக்களை அறிந்த அளவுக்கு அறியவில்லை. அறியாத வீட்டுக்காரனைக் கிண்டல் செய்தால் கிண்டல் ஏச்சாகத்தான் கேட்கும். அடுத்த ஆண்டு ஏப்ரலில், 64 வயதில் இறந்தார்.

1999இல் சிகாகோ பல்கலைக்கழகப் பதிப்பகம் தேர்ந்தெடுத்த பத்திகளை ‘ஒன் மோர் டைம்’ என்று நூலாக்கியது. டேலி காலத்து வார்டு சண்டைகளைப் படிக்க இன்று அடிக்குறிப்பு தேவைப்படுகிறது. ராபின்சன் பத்திக்குத் தேவைப்படவில்லை. புதிதாகப் படிக்கப் போகிறவர்கள் ‘பாஸ்’ புத்தகத்தை முதலில் முடித்துவிட்டுத் தொகுப்புக்கு வருவது நல்லது. அந்தச் சண்டைகளில் யார் எந்தப் பக்கம் என்று அப்போது பிடிபட்டுவிடும்.