றொபேட்டாவிடம் எவரும் கேட்காத கேள்வி

உயர்தர வகுப்பு மாணவர் சிலருடன், தியடோர் ட்ரைசர் எழுதிய ‘ஓர் அமெரிக்க அவலம்’ என்னும் ஆங்கில நாவலைப் பற்றி அண்மையில் உரையாட நேர்ந்தது. கதையைக் கேட்டு முடித்ததும் மாணவன் ஒருவன், “அவள் முன்னரே யோசித்திருக்க வேண்டும், சேர்” என்றான். மாணவிகள் மௌனமாயிருந்தனர். அந்த மௌனமே இதனை எழுதத் தூண்டிற்று.

1925 இல் வெளிவந்த இந்நாவல், 1906 இல் நியூயோர்க் மாநிலத்தில் நிகழ்ந்த உண்மைக் கொலையொன்றினை அடிப்படையாகக் கொண்டது. வறிய மதப் பிரசாரகரின் மகனான கிளைட், செல்வந்த உறவினரின் தொழிற்சாலையில் மேற்பார்வையாளனாகின்றான். அவன்கீழ் வேலை செய்யும் ஏழை விவசாயியின் மகள் றொபேட்டா, அவனாற் கருவுறுகின்றாள். அப்போதோ அவன் மனம் செல்வர் வீட்டுப் பெண்ணொருத்தியை நாடிச் சென்றுவிட்டது. இறுதியில் ஏரியொன்றிற் படகு கவிழ, அவளை மூழ்கவிட்டு அவன் கரையேறுகின்றான். மரண தண்டனை அவனுக்குக் கிடைக்கின்றது.

கொலையையும் வழக்கையும் பற்றியே விமரிசகர் பலரும் பேசுவர். எனக்கு முக்கியமாகப்படுவது வைத்தியர் கிளென் தோன்றும் பகுதியே. மருந்துக் கடையில் வாங்கிய மாத்திரைகள் பயன் தராது போகவே, முன்பின் அறியாத அவ்வைத்தியரிடம் றொபேட்டா செல்கின்றாள். கிளைட் உள்ளே வரவில்லை. வெளியே காத்து நிற்கின்றான். வைத்தியர் அறிவுரை கூறுகின்றார்; உதவ மறுக்கின்றார். ஆனால், ‘நல்ல குடும்பத்து’ இளம்பெண்கள் சிலருக்கு அவரே முன்னர் உதவியிருக்கின்றார் என்பதை ஆசிரியர் நமக்குச் சொல்லிவிடுகின்றார். பின்பலம் உள்ளவளுக்கு வைத்தியம். கூலிப் பெண்ணுக்கு உபதேசம். வர்க்க சமுதாயத்தின் ஒழுக்கவியலை இவ்வளவு சுருக்கமாகக் காட்டிய காட்சிகள் மிகச் சிலவே. (ட்ரைசரின் நடை கரடுமுரடானது என்பர். ஒப்புக்கொள்கிறேன்; இவ்விடத்தில் அது குறையாகப்படவில்லை.)

“யோசித்திருக்க வேண்டும்” என்பதற்கு வருவோம். கருவுற்ற பின்னர் அங்கே எல்லோரும் யோசிக்கத்தான் செய்கின்றனர். கிளைட் தன் எதிர்காலத்தை யோசிக்கின்றான். வைத்தியர் தம் பெயரை யோசிக்கின்றார். “உனக்கு இக்குழந்தை வேண்டுமா?” என்று றொபேட்டாவிடம் கேட்பார் எவருமில்லை. பெற்றோரிடம் கூறவும் அவளுக்கு அச்சம். மணஞ்செய்துகொள்ளுமாறு கிளைட்டை அவள் மன்றாடுவது விருப்பத்தினாலா, வேறு வழியின்மையினாலா என்பதை நாம் அறிய முடிவதில்லை.

ஆற அமரச் சிந்தித்து ஒரு முடிவுக்கு வர அவளுக்கு என்னென்ன வேண்டியிருந்தன? கரு எத்தனை வாரத்தது, பெறுவதாயினும் கலைப்பதாயினும் உடலுக்கு என்ன நேரும் என்பனவற்றை ஏசாமல் எடுத்துரைக்கும் ஒருவர் வேண்டும். வேலை நிலைக்குமா, பிள்ளையை வளர்க்கப் பணம் எங்கிருந்து வரும், துணை நிற்பேன் என்பவனின் சொல் அன்பிற் பிறந்ததா, அச்சத்திற் பிறந்ததா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். பெற்றுப் பிறரிடம் வளர்க்கக் கொடுப்பதும் ஒரு வழியே. அதனையும் அவளே எண்ணித் துணிய வேண்டும். இவற்றுக்கெல்லாம் முதலாவதாகக் காலம் வேண்டும். அக்காலத்தையே மற்றவர்கள் தத்தம் தயக்கத்தால் வீணடிக்கின்றனர்.

ட்ரைசரும் இக்குற்றத்திலிருந்து முற்றாக விடுபட்டவரல்லர். மூன்றாம் பாகம் முழுவதும் கிளைட்டின் வழக்கே. றொபேட்டா அங்கு கடிதக் கட்டாகி விடுகின்றாள். பதவி உயர்வை எதிர்நோக்கும் அரச வழக்கறிஞர் அவற்றை உருக்கமாக வாசிக்கின்றார். ஆசிரியரின் பரிவு கொன்றவன்மீதே பெரிதும் படிகின்றது.

இது பழைய அமெரிக்காவின் கதை என்று ஒதுக்கிவிட இயலாது. அந்நாட்டு உயர் நீதிமன்றம் 1973 இல் ஏற்ற கருக்கலைப்பு உரிமையை 2022 இல் அதே நீதிமன்றம் நீக்கிற்று. நமது நாட்டிலோ 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக் கோவை, தாயின் உயிரைக் காக்கும் பொருட்டன்றி இதனை அனுமதிப்பதில்லை. சில விதிவிலக்குகளைச் சேர்க்கும் திருத்தம் 1995 இல் பாராளுமன்றத்துக்கு வந்து மீளப்பெறப்பட்டது.

அன்று மௌனமாயிருந்த மாணவிகளுள் ஒருத்தி, மறுநாள் ஓய்வு நேரத்தில் வந்து, வைத்தியர் அஞ்சியது சட்டத்துக்கா ஊருக்கா என்று வினவினாள். இரண்டுக்குந்தான் என்றேன். “அப்படியெனில், மற்றப் பெண்களுக்கு உதவியபோது ஏன் அஞ்சவில்லை?” என்றாள்.