நட்சத்திரப் போரின் விலை

ஒளி விளிம்பு வளைவு பற்றிய பாடத்தை முடித்துவிட்டு நான் வகுப்பை விட்டு வெளியே வரும்போது ஒரு மாணவர் கேட்டார்: "சார், லேசர் கதிரால் ஏவுகணையைச் சுட்டு வீழ்த்த முடியுமா?" அமெரிக்கா 2025-ஆம் ஆண்டு அறிவித்த 'தங்கக் குவிமாடம்' என்னும் பாதுகாப்புத் திட்டத்தைப் பற்றி அவர் எங்கோ படித்திருக்கிறார். அவருடைய கேள்விக்குள் இன்னொரு கேள்வியும் இருக்கிறது. முடியும் என்றே வைத்துக்கொள்வோம்; என்ன விலைக்கு? அந்த விலை யார் கைக்குப் போய்ச் சேருகிறது? இதை அறிய, இத்தகைய திட்டங்களுக்கெல்லாம் தாயாக விளங்கும் ஓர் உரையை நாம் படித்துப் பார்க்க வேண்டும். அதிபர் ரொனால்ட் ரீகன் 1983 மார்ச் 23 அன்று தொலைக்காட்சியில் ஆற்றிய உரை அது. அப்போது நான் பிறக்கவில்லை, அச்சில்தான் படித்தேன்.

உரையின் பெரும்பகுதி விஞ்ஞானத்தைப் பற்றியதே அன்று. ராணுவத்துக்கான வரவு செலவுத் திட்டத்தை மக்கள் ஆதரிக்க வேண்டும் என்ற வேண்டுகோள் அது. சோவியத் ஏவுகணைகளின் எண்ணிக்கை, வானிலிருந்து எடுத்த படங்கள் என்று அச்சமூட்டும் செய்திகள் முதலில் வருகின்றன. கடைசியில்தான் கனவு வருகிறது. அணு ஆயுதங்களைத் தந்த விஞ்ஞானிகளே அவற்றைச் செயலற்றவையாக்கும் வழியையும் தர வேண்டும் என்கிறார் ரீகன். இந்த நூற்றாண்டு முடிவதற்குள் இப்பணி முடியாமலும் போகலாம் என்று அவரே ஒப்புக்கொள்கிறார். எந்தக் கருவி, எந்தத் தத்துவம் என்று ஒன்றும் சொல்லவில்லை. அணு ஆயுத அச்சத்திலிருந்து உலகை விடுவிக்கத் தேவைப்படும் எந்த முதலீடும் தகும் அல்லவா என்று கேட்டு, தகும் என்று தாமே விடையும் சொல்லிவிடுகிறார்.

என் பார்வையில் உரையின் உயிர் அந்த ஒரு வாக்கியத்தில்தான் இருக்கிறது. கடைக்காரர் விலையைச் சொல்லுமுன்பே வாங்குவதாக ஒப்புக்கொள்ளும் வாடிக்கையாளரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

இனி இயற்பியலுக்கு வருவோம். லேசர் கதிர் விரிவடையாமல் நேர்க்கோட்டில் செல்லும் என்று பலர் நினைக்கிறார்கள். எந்தக் கதிரும் விரியும். அலைநீளத்தைக் கண்ணாடியின் விட்டத்தால் வகுத்துத் தொலைவால் பெருக்கினால் விரிவின் அளவு தோராயமாகக் கிடைக்கும். ஹைட்ரஜன் ஃபுளூரைடு லேசரின் அலைநீளம் சுமார் 2.7 மைக்ரான். கண்ணாடி 10 மீட்டர், தொலைவு 3,000 கிலோமீட்டர் என்று கொண்டால், ஒளிப்பொட்டு ஏறத்தாழ 80 சென்டிமீட்டர் வருகிறது. வினாடிக்குப் பல கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் ஏவுகணையின் ஒரே இடத்தில் அந்தப் பொட்டை, உலோகம் உருகும் வரை நிறுத்தி வைக்க வேண்டும். ஏவுகணையின் எந்திரம் எரியும் நேரமோ மூன்று முதல் ஐந்து நிமிடங்களே. அதற்குள் முடிக்காவிட்டால் சிக்கல் பெருகும். காற்று மண்டலத்துக்கு அப்பால் இறகும் கல்லும் ஒன்றாகவே விழும் என்பது நமக்குத் தெரியும். அங்கே அணுகுண்டுத் தலையும், அதைப்போலவே செய்த உலோகப் பூச்சுள்ள பலூனும் ஒரே பாதையில் செல்லும். எது குண்டு, எது பலூன்? பலூன் மலிவு; அதை அடிக்கும் கருவி விலை உயர்ந்தது.

இந்தக் கணக்கு அமெரிக்க அரசுக்குள்ளும் தெரிந்தே இருந்தது. ரீகனின் ஆலோசகர் பால் நிட்சே 1985-இல் ஒரு விதி வகுத்தார். எதிரி தன் தாக்குதலைப் பெருக்க ஆகும் செலவைவிட, நாம் தற்காப்பைப் பெருக்க ஆகும் செலவு குறைவாக இருக்க வேண்டும் என்பதே அது. அதே ஆண்டில் டேவிட் பார்னாஸ் என்னும் கணினி விஞ்ஞானி இத்திட்டத்தின் ஆலோசனைக் குழுவிலிருந்து விலகினார். நாளொன்றுக்கு 1,000 டாலர் ஊதியம் தந்த பணி அது. இவ்வளவு பெரிய கணினி நிரலை உண்மையான போரில் அன்றி வேறெங்கும் சோதிக்க முடியாது. ஆகவே அதை நம்ப முடியாது என்றார் அவர். 6,500-க்கும் மேற்பட்ட கல்வியாளர்களும் ஆய்வாளர்களும் இத்திட்டத்தின் பணம் எங்களுக்கு வேண்டாம் என்று கையொப்பமிட்டனர். 1987-இல் அமெரிக்க இயற்பியல் கழகத்தின் ஆய்வறிக்கை வந்தது. அதன் தலைவர்கள் இருவர். ஒருவர் நோபல் பரிசு பெற்ற புளோம்பெர்கன். மற்றவர் மகாராஷ்டிரத்தில் பிறந்து புனேயில் பொறியியல் பயின்று, 1964-இல் கார்பன் டை ஆக்சைடு லேசரைப் படைத்த குமார் படேல். லேசரை நன்கு அறிந்த இவர்களின் குழு சொன்னது என்ன? இருக்கும் கருவிகளின் ஆற்றலும் கதிரின் தரமும் இன்னும் நூறு மடங்கோ அதற்கு மேலோ உயர வேண்டும். இது நடக்குமா நடக்காதா என்று தெரிந்து முடிவெடுப்பதற்கே பத்தாண்டு ஆராய்ச்சி தேவை.

இவ்வளவுக்குப் பின்னும் பணம் ஓடியது. 1993-இல் பெயர் மாறிய நாள் வரை சுமார் 3,000 கோடி டாலர் செலவாகியிருந்தது. ஏன்?

சாதாரணத் தொழிற்சாலை செலவைக் குறைத்தால் லாபம் கூடும். ராணுவ ஒப்பந்தங்களில் பல வேறு வகை. ஆன செலவை அரசே ஏற்று, அதன் மேல் ஒரு கட்டணமும் தரும். அங்கே செலவைக் குறைக்க யாருக்கும் அவசரமில்லை. கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் செய்மர் மெல்மன் 1970-இல் வெளியிட்ட 'பென்டகன் முதலாளித்துவம்' என்னும் நூலில் இதைத்தான் விளக்கினார். நிட்சேயின் விதிப்படி பார்த்தால், மலிவான பலூனுக்கு விலை உயர்ந்த கருவியைச் செய்வது நாட்டுக்கு நட்டம். கருவியைச் செய்யும் நிறுவனத்துக்கு அதே பலூன்தான் அடுத்த ஒப்பந்தம். இயற்பியலில் தோற்ற ஒரு திட்டம் கணக்கேட்டில் வென்றுகொண்டே போவது இப்படித்தான். உதிரிப்பாகங்களைப் பல மாநிலங்களில் செய்ய ஏற்பாடாகிவிட்டால், எந்தத் தொகுதியின் உறுப்பினர் அதை எதிர்த்து வாக்களிப்பார்? தம் ஊரில் வேலை போய்விடுமே!

போரால்தானே விஞ்ஞானம் வளர்ந்தது, ராடாரும் இணையமும் அப்படித்தானே வந்தன என்று நீங்கள் கேட்கலாம். உண்மை உண்டு. ஆனால் டிரான்சிஸ்டர் 1947-இல் ஒரு தொலைபேசி நிறுவனத்தின் ஆய்வகத்தில் பிறந்தது. ராணுவச் செலவை 1976-இல் தேசிய உற்பத்தியில் ஒரு விழுக்காட்டுக்குள் நிறுத்திய ஜப்பான்தான் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் உலகச் சந்தையைப் பிடித்தது. சோவியத் நாட்டை வீழ்த்தியதே இத்திட்டம்தான் என்பாரும் உண்டு. அந்நாட்டின் ராணுவச் சுமை பெரிது என்பதில் ஐயமில்லை. ஆனால் சோவியத் ஹைட்ரஜன் குண்டின் தந்தை எனப்படும் சகாரோவ் 1987-இல் மாஸ்கோவில் பேசியபோது, இத்திட்டத்தை விண்வெளியில் கட்டும் மாஜினோ கோட்டை வரிசைக்கு ஒப்பிட்டார். 1940-இல் ஜெர்மானியர் சுற்றிக்கொண்டு போன பிரெஞ்சுக் கோட்டைகள் அவை.

ஐசனோவர் ஐந்து நட்சத்திரத் தளபதியாக இருந்தவர். ஒரு பெரிய குண்டுவீச்சு விமானத்தின் விலையில் 30-க்கு மேற்பட்ட நகரங்களில் ஆளுக்கொரு பள்ளிக்கூடம் கட்டலாம் என்று 1953-இல் சொன்னவரும் அவரே. 1961 ஜனவரியில் அவர் விடைபெற்ற உரையில் ராணுவ-தொழில் கூட்டைப் பற்றி எச்சரித்ததை எல்லோரும் எடுத்துக்காட்டுவார்கள். அதே உரையில் இரண்டாவது எச்சரிக்கை ஒன்றும் உண்டு. அறிவு வேட்கை இருக்க வேண்டிய இடத்தில் அரசு ஒப்பந்தம் வந்து அமர்ந்துவிடக்கூடும் என்பது அது. ஆசிரியன் என்ற முறையில் என்னை அதிகம் உறுத்துவது இந்த இரண்டாவதுதான். ரீகன் தம் கனவை யாரிடம் ஒப்படைத்தார் என்பதை நினைத்துப் பாருங்கள்.

கதை அத்துடன் முடியவில்லை. ஏவுகணைத் தடுப்பைக் கட்டுப்படுத்திய ஒப்பந்தத்திலிருந்து அமெரிக்கா 2002-இல் விலகியது. அலாஸ்காவிலும் கலிபோர்னியாவிலும் 44 தடுப்பு ஏவுகணைகள் நிறுவப்பட்டன. விண்வெளியில் சுற்றும் தடுப்புக் கருவிகளை நம்பினால் ஆயிரமோ அதற்கு மேலோ வேண்டியிருக்கும் என்று இயற்பியல் கழகம் 2003-இலேயே கணக்கிட்டது. காரணம் எளிது. அவை ஓரிடத்தில் நிற்பதில்லை. தேவைப்படும் நேரத்தில் பெரும்பாலானவை பூமியின் வேறு பக்கத்தில் இருக்கும். குறுந்தூர ராக்கெட்டுகளைத் தடுக்கும் இஸ்ரேலின் 'இரும்புக் குவிமாடம்' வேறு, கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணையைத் தடுப்பது வேறு. பெயர் ஒன்றுபோல் இருப்பதால் பலர் குழம்புகிறார்கள். நம் நாட்டிலும் 2035-ஐ இலக்காகக் கொண்டு 'சுதர்சன சக்கரம்' என்ற திட்டம் 2025 ஆகஸ்ட் 15 அன்று அறிவிக்கப்பட்டது. எந்தத் தொலைவு, எந்த வகை ஏவுகணை, ஒன்றைத் தடுக்க எவ்வளவு செலவு என்ற கேள்விகளை அங்கும் நாம் கேட்க வேண்டியிருக்கும்.

'தங்கக் குவிமாடம்' முழுவதற்கும் 17,500 கோடி டாலர் ஆகும் என்று 2025 மே மாதம் அதிபர் டிரம்ப் அறிவித்தார். அதே மாதம் அமெரிக்க நாடாளுமன்றத்தின் வரவு செலவு அலுவலகம், விண்வெளித் தடுப்புக் கருவிகளுக்கு மட்டுமே 20 ஆண்டுகளில் 16,100 கோடி முதல் 54,200 கோடி டாலர் வரை ஆகலாம் என்று மதிப்பிட்டது. யாரும் கட்டிப் பார்க்காத ஒன்றுக்கு விலை போடச் சொன்னால் அலுவலகம்தான் என்ன செய்யும்? ஆனால் இவ்வளவு வேறுபாடுள்ள ஓர் அளவீட்டை என் மாணவர் ஆய்வகக் குறிப்பேட்டில் எழுதி வந்தால், நான் கையொப்பமிடாமல் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.