காகித நுண்ணோக்கி: ஃபோல்டுஸ்கோப்பின் திறனும் எல்லையும்

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மனு பிரகாஷும் அவருடைய குழுவினரும் உருவாக்கி, 2014-இல் ஆய்விதழ் வழியே வெளியிட்ட ஃபோல்டுஸ்கோப், கோடுகளின் வழியே மடித்துச் செருகி அமைக்கப்படும் ஒற்றை வில்லை நுண்ணோக்கியாகும். 17-ஆம் நூற்றாண்டில் டெல்ஃப்ட் நகரத்து லேவன்ஹூக் கையாண்ட அதே அமைப்புதான் இது. பொருளருகு வில்லை உண்டாக்கும் உருவைக் கண்ணருகு வில்லை மீண்டும் பெருக்கும் கூட்டு நுண்ணோக்கியில் உரு தலைகீழாகத் தெரியும். இதிலோ உரு நேராகவே தெரிவதால், வில்லையை அசைக்காமல் சிலைடை வலப்புறம் தள்ளினால் உருவும் வலப்புறமே நகர்கிறது, புதிதாகப் பழகுவோர் தடுமாறுவதில்லை.

இதன் வில்லை சுமார் 2.4 மில்லிமீட்டர் விட்டமுள்ள கண்ணாடி உருண்டை. அதன் குவியத் தொலைவு ஏறக்குறைய 1.8 மில்லிமீட்டர். கண் தெளிவாகக் காணும் மிகக் குறைந்த தொலைவான 250 மில்லிமீட்டரை இதனால் வகுத்தால், கருவிக்குச் சொல்லப்படும் 140 மடங்கு உருப்பெருக்கம் கிடைத்துவிடும். ஆயினும் மதிப்பிட வேண்டியது பகுதிறனை, அதாவது நெருங்கியிருக்கும் இரு புள்ளிகளை இரண்டாகவே பிரித்துக் காட்டும் ஆற்றலை. உருண்டையின் விளிம்பு வழியே வரும் கதிர்கள் மையக் கதிர்களோடு ஒரே இடத்தில் குவிவதில்லை. கோளப் பிறழ்ச்சி எனப்படும் இக்குறையைத் தணிக்க வில்லைக்கு ஒளி செல்லும் துளையைச் சிறிதாக்கினால், வில்லை ஒளியை வாங்கும் கோணம் குறுகி, ஒளி அலை வளைந்து பரவும் விளிம்பு விளைவு மிகுந்து, ஒவ்வொரு புள்ளியும் ஒரு சிறு வட்டாகப் பரந்துவிடுகிறது. இவ்விரண்டுக்கும் இடையே வடிவமைத்தோர் கண்ட சமநிலையில் பகுதிறன் சுமார் 2 மைக்ரோமீட்டர் என்பது, இத்தனை எளிய கருவிக்கு வியப்பூட்டும் அளவே.

அயோடின் இட்ட வெங்காயத் தோலை வைத்து வெளிச்சமான வானத்தை நோக்கிப் பிடித்தால் (சூரியனை நேராக ஒருபோதும் நோக்கக் கூடாது), செல்சுவர்கள் நீண்ட கட்டங்களாகவும் உட்கருக்கள் பழுப்புப் புள்ளிகளாகவும் தோன்றுகின்றன; பார்வைப் புலத்தின் நடுப்பகுதி கூர்மையாக இருக்க, ஓரங்கள் மங்குகின்றன. குவியப்படுத்தத் தாளை இழுக்க வேண்டும். விரல் சற்று நடுங்கினாலும் உரு நழுவிவிடுவதால், இது பொறுமையைக் கேட்கும் வேலை. ஒளியைத் திரட்டிச் சீராக்கும் குவிப்பான் இதில் இல்லை. சாயமிடாத, ஒளி ஊடுருவும் செல்கள் பின்னணியோடு கலந்து வெளிறித் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம்.

குளத்து நீரிலுள்ள நுண்ணுயிர்கள், மகரந்தம், பூச்சியின் இறகு ஆகியவற்றைப் பள்ளி மாணவர் காண இக்கருவியைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கலாம். ஆனால் பெரும்பாலான பாக்டீரியாக்கள் அதன் பகுதிறன் எல்லையிலோ அதற்குக் கீழேயோ அமைகின்றன. இரத்தத்தில் மலேரியா ஒட்டுண்ணியை இனங்காண, எண்ணெய் இட்டு நோக்கும் 100 மடங்கு பொருளருகு வில்லையும் ஏறத்தாழ 0.3 மைக்ரோமீட்டர் பகுதிறனும் கொண்ட ஆய்வகக் கூட்டு நுண்ணோக்கியே தேவை. கைப்பேசிக் கேமராவை இணைத்து அதன் ஜூமால் படத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும், வில்லை பிரித்துக் காட்டாத நுணுக்கம் எதுவும் அதில் புதிதாகத் தோன்றாது.