தடையும் அளவும்: ஒரு கண்ணாடி வரலாற்றை முன்வைத்து

ஜப்பானியக் காமிராவின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கதையைத்தான் திரும்பச் சொல்கிறார்கள். தோற்ற தேசம், எரிந்த நகரம், பிறகு கைத்திறனால் எழுச்சி. 1950இல் 'லைஃப்' பத்திரிகையின் டேவிட் டக்ளஸ் டங்கன் டோக்கியோவில் நிக்கோர் லென்ஸைக் 'கண்டுபிடித்தார்', உலகம் விழித்துக்கொண்டது. கேட்க நல்லாத்தான் இருக்கு. இந்தக் கதையாடல் எதை மறைக்கிறது என்பதே என் கேள்வி.

முதல் உலகப் போரில் ஜெர்மன் ஒளியியல் கண்ணாடியின் வரத்து நின்றுபோனது. நிப்பான் கொகாகு தொடங்கப்பட்டது 1917இல். ஒளியியல் கண்ணாடி ஜன்னல் கண்ணாடி அல்ல. களிமண் பானையில் உருக்கி, குமிழும் வரியும் விழாமல் கலக்கி, நாள்கணக்கில் மெல்ல ஆறவிட்டு, உடைத்து, தேறிய துண்டுகளை மட்டும் பொறுக்க வேண்டும். இந்தப் பொறுமைக்குக் காசு கொடுத்தது ராணுவம். யமாடோ போர்க்கப்பலின் 15 மீட்டர் தூரமானி இந்தக் கம்பெனியின் வேலைதான்.

1945க்குப் பின் ஆக்கிரமிப்பு நிர்வாகம் ராணுவ உற்பத்தியைத் தடுத்தது. பொதுமக்களுக்கான பொருள்களை அனுமதித்தது. 20,000க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் சுமார் 1,400 பேராகச் சுருங்கினார்கள். 'தடை' என்றதும் நாம் நினைப்பது இதைத்தான். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. 1948இல் வந்த முதல் நிக்கான் காமிராவின் படச்சட்டம் 24 × 32 மில்லிமீட்டர். அச்சுத்தாளின் விகிதத்துக்கு நெருக்கம். ஒரே சுருளில் கூடுதலாகச் சில படங்கள். தட்டுப்பாட்டில் இருந்த ஊருக்கு நியாயமான கணக்கு. ஆனால் அமெரிக்காவுக்கு அனுப்ப ஆக்கிரமிப்பு நிர்வாகம் சம்மதிக்கவில்லை. கோடாக்கின் ஸ்லைடு சட்டங்கள் 24 × 36க்கு வெட்டப்பட்டவை என்பது காரணம். அடுத்த மாடலில் 32 என்பது 34 ஆயிற்று. 1954இல் 36. ஆக்கிரமிப்போ 1952லேயே முடிந்துவிட்டது. உத்தரவு போட அப்போது யாருமில்லை.

லைக்காவின் அளவே அதுதானே, சந்தை எப்படியும் இழுத்திருக்கும் என்பார்கள். இருக்கலாம். அப்படியானால் சந்தையும் நிர்வாகமும் ஒரே அளவுகோலைக் கையில் வைத்திருந்ததை எப்படி வாசிப்பது? தடை என்பது கூடாது என்று சொல்லிட்டுப் போறது மட்டுமல்ல. எந்த அளவில் பார்க்கலாம் என்று வகுத்துக் கொடுப்பதும்தான். முதலாவது உத்தரவோடு முடிந்தது. இரண்டாவது 'தரம்' என்ற பெயரில் தங்கிவிட்டது.

டங்கன் அந்த லென்ஸ்களை எடுத்துக்கொண்டு போனது கொரியப் போருக்கு. 'சமாதானப் பொருள்' என்று அனுமதிக்கப்பட்ட கண்ணாடி, தன் உலகப் பெயரைச் சம்பாதித்தது இன்னொரு போரில். வெற்றிக் கதை எழுதுகிறவர்கள் இந்த இடத்தைத்தான் அவசரமாகத் தாண்டிப் போகிறார்கள்.